இலையின் அடிப்பக்கம்

நர்சரிக்காரரின் பிடரியில் பழுப்புப் பொட்டுகள் இரண்டு வரிசையாக இருந்தன. சலூன்காரனை உறுத்தியது அந்த வரிசைதான். வேர்க்குரு பார்த்திருக்கிறான், படை பார்த்திருக்கிறான், கத்தி பட்டுச் சீழ் கோத்த கொப்புளமும் பார்த்திருக்கிறான். முகம் மறந்துபோன ஆளைக்கூடப் பிடரியை வைத்து அடையாளம் சொல்லிவிடுவான், அப்படி ஊறிப்போன தொழில். ஆனால் எந்தக் கட்டியும் இப்படித் தையல் மிஷினில் அடித்தது போல, தண்டுவடத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று சோடி பிடித்து நின்று அவன் பார்த்ததில்லை.

"அண்ணே, கழுத்துல ஏதாச்சும் அரிக்குதா?"

"இல்லையே தம்பி. ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

வெளியே மழை விட்டபாடில்லை. கடைக்குள் ஈரத்துண்டின் புளித்த வாடையும், நுரைக் கிண்ணத்துச் சோப்பு மணமும், வாசலில் குவிந்த நனைந்த செருப்புகளின் நாற்றமும் ஒன்றோடொன்று கலந்து, சுவர்களில் வியர்வையாய் வழிந்துகொண்டிருந்தன. பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லாததால் மச்சான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து நர்சரிக்காரரின் வாயைக் கிளறிக்கொண்டிருந்தான். மனைவியின் அண்ணன், கடையில் பாதி வேலை அவனுடையது, பேச்சு முழுவதும் அவனுடையது.

"இந்த மழையில உங்களுக்கு என்ன அண்ணே, செடியெல்லாம் தானா வளந்துடும். நீங்க காலை நீட்டித் தூங்கலாம்."

"பெரணி மட்டும்தான் வளருது. மத்ததெல்லாம் அழுகிப்போச்சு." நர்சரிக்காரர் கண்ணாடியில் தன்னைப் பார்க்காமல் பேசினார். "காட்டுக்குள்ள விழுந்துகிடந்த ஒரு மரத்துலேருந்து ஒரு பெரணி கொண்டாந்தேன். அது போடுற போடு இருக்கே! தொட்ட இடமெல்லாம் முளைக்குது."

"விதை நல்ல விதையா இருக்கும்."

"பெரணிக்கு ஏதுய்யா விதை? பூவும் கிடையாது, காயும் கிடையாது. இலையைத் திருப்பிப் பாரு, அடியில பொட்டுப் பொட்டா இருக்கும். அதுலேருந்து வர்ற தூள்தான். அந்தத் தூளும் நேரா பெரணியா முளைக்காது. முதல்ல நகத்துணுக்கு அளவுக்கு, இதய வடிவத்துல ஒரு பச்சை ஏடு வரும். ஆணும் அதுலதான், பொண்ணும் அதுலதான். ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தா ஆண் அணு நீந்திப் போய்ச் சேந்துக்கும். அப்புறந்தான் பெரணி. தண்ணி இல்லேன்னா அதுக்குக் கல்யாணமே இல்ல."

"எங்க மாப்ளை கல்யாணமும் அப்படித்தான் நடந்துச்சு," என்றான் மச்சான். "தண்ணி இல்லேன்னா அவங்க சித்தப்பா பந்தல்லயே உக்காந்திருக்க மாட்டாரு."

நர்சரிக்காரர் சிரித்தார். சிரிக்கும்போது பிடரி சுருங்கியது. பொட்டுகளும் கூடவே சுருங்கின. சலூன்காரன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். ஃபேனைக் கூட்டி வைத்து, துணியை உருவி, முடி தட்டும் நீளப் பிரஷை எடுத்துக் கழுத்தைத் தட்டினான்.

புகை போல ஒரு பழுப்புத் தூள் எழுந்தது. முடித்தூள் கீழே விழும், இது விழவில்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் தயங்கித் தயங்கி மிதந்து, ஃபேன் காற்றில் கடை முழுக்கச் சுற்றியது. பாறையைப் புரட்டினால் அடியிலிருந்து வருமே, அந்த ஈரமண் வாடை. மச்சான் அடுக்கடுக்காகத் தும்மினான்.

"என்ன மாப்ளை, கடையை மூக்குப்பொடிக் கடையா மாத்திட்டியா?"

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு அவன் மகள் குடையை மடக்கியபடி தெப்பலாக நனைந்து வந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. நெற்றி முடி கண்ணில் விழுகிறதென்று டீச்சர் திட்டினாராம். அவளைப் பலகை போட்டு உட்காரவைத்து முன்முடியை வெட்டினான். அதே பிரஷால் அவள் கழுத்தைத் தட்டினான். கூச்சத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு அவள் கிளுகிளுவென்று சிரித்தாள்.

அடுத்து வந்த நாட்களில் கடை பச்சைபிடித்தது. முதலில் நுரைக் கிண்ணத்தின் விளிம்பில், பிறகு கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே, பிறகு தண்ணீர் தெளிக்கும் பாட்டிலின் கழுத்தில், பார்க்கப் பாசி மாதிரி. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் தனித்தனி ஏடு. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பிளவு, கீழே ஒரு கூர். இதயம். சலூன்காரன் பிளேடால் சுரண்டினான். மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கினால் சுரண்டிய இடத்தில் இன்னும் நெருக்கமாக இருந்தன. பினாயில் ஊற்றித் தேய்த்தான். கை நாறியது, ஏடுகள் அசையவில்லை.

ஒரு மதியம் மச்சான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தானே போய் நாற்காலியில் உட்கார்ந்தான். வழக்கமான கேலி எதுவும் அவன் முகத்தில் இல்லை.

"மாப்ளை, காதுக்குப் பின்னால என்னன்னு பாரு. ராத்திரியெல்லாம் என்னமோ நெளியுது."

சலூன்காரன் காது மடலை முன்னால் மடக்கிப் பார்த்தான். மடிப்புக்குள் பச்சை ஏடுகள் மீன் செதில் போல அடுக்கியிருந்தன. நடுவே ஒரு சுருள். மரவட்டையைத் தொட்டால் சுருண்டுகொள்ளுமே, அந்த அளவு, அதே சுருட்டல். மேலே செம்பட்டை ரோமம். தோலைப் பொத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரை சுற்று அவிழ்ந்தது.

"சொல்லேன்டா, என்னது?"

"மச்சான், ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"முதல்ல அதைப் பிடுங்கு. மண்டைக்குள்ள சத்தம் கேக்குது மாப்ளை. பிடுங்குடா!"

மச்சான் துண்டைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டான். சலூன்காரன் சவரக்கத்தியில் புது பிளேடு மாட்டினான். ஏடுகளை வழித்தபோது ஒவ்வொன்றும் தன்னோடு ஒரு பொட்டு ரத்தத்தையும் கொண்டுவந்தது. சுருளை அறுத்தான், அறுத்த இடத்திலேயே இன்னொன்று எட்டிப் பார்த்தது. அதை இடுக்கியால் பிடித்து இழுத்தான். வெள்ளை நூல் ஒன்று வந்தது. இழுக்க இழுக்க வந்தது. ஒரு முழம் வந்தும் முடியவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் மச்சானின் இடது கண்ணிமை, பொம்மலாட்டக் கயிறு கட்டியது போல, வெட்டி வெட்டி இழுத்தது.

"விட்டுடவா மச்சான்?"

மச்சான் துண்டுக்குள் என்னவோ கத்தினான். தலையை வேண்டாம் என்று ஆட்டினானா, விடாதே என்று ஆட்டினானா என்று சலூன்காரனுக்கு இன்றுவரை தெரியாது. அவன் நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி இழுத்தான்.

எங்கேயோ உள்ளே ஒன்று அறுந்தது. நூல் வந்தது. நுனியில் வேர்க்கொத்து. கொத்துக்குள் சதை. பிறகுதான் ரத்தம், கழுத்துக்குள்ளிருந்து, குழாய் உடைந்த மாதிரி. கண்ணாடியில் அடித்தது. சுவரில் அடித்தது. சலூன்காரன் துண்டை வைத்து அழுத்தினான். துண்டு கனத்துப்போய்க் கையிலிருந்து நழுவியது. மச்சான் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தபடி, கால்களை உதைத்து உதைத்து, கால்வைக்கும் பலகையைப் பெயர்த்தெடுத்தான். பிறகு பிடி தளர்ந்தது.

கடையில் மழைச்சத்தம் மட்டும் இருந்தது. கண்ணாடியில் வழிந்த ரத்தம் சட்டத்தின் ஓரத்துப் பச்சை ஏடுகளைத் தொட்டது. தொட்ட இடத்தில் அவை மெல்ல விரிந்துகொடுத்தன.

அப்போதுதான் அவனுக்கு மகளின் கழுத்து ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு எப்படி ஓடினான் என்று தெரியாது. குடையில்லை, செருப்பில்லை. மாடிப்படியில் ஏறும்போதே மனைவி கதவைத் திறந்தாள்.

"என்னங்க இது, சட்டையெல்லாம் ரத்தம்!"

"பிளேடு பட்டுடுச்சு. வாலு எங்க?"

"மழை லீவுதானே, உள்ள படிச்சிட்டிருக்கா. அண்ணன் எங்க? மதியம் சாப்பிடக்கூட வரல."

"கடையில இருக்கான்," என்றான். அதில் பொய்யில்லை.

மகளை இழுத்து நாற்காலியில் உட்காரவைத்து, பின்னலை அவிழ்த்து, காதுகளை மடக்கிப் பார்த்தான். பச்சை இல்லை. கழுத்தில் பார்த்தான். பச்சை இல்லை. மூச்சு வந்தது. பிறகு தலைமுடியை வகிர்ந்தான், வகிட்டில் பழுப்பாக ஏதோ தெரிந்தது. வீட்டிலிருந்த முடிவெட்டும் மெஷினை எடுத்து, மனைவி என்ன ஏது என்று கேட்பதற்குள், நடு உச்சியில் ஓட்டினான்.

"ஐயோ, என்ன பண்றீங்க! நாளைக்குப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க சிரிக்காதா?" மனைவி அவன் கையைப் பிடித்தாள். மகள் வீறிட்டாள். அவன் மனைவியைத் தள்ளினான். அவ்வளவு வேகமாகத் தள்ள அவன் நினைக்கவில்லை. நெற்றி கதவு நிலையில் மோதிப் பிளந்தது. அவள் எழுந்து, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, திட்டுவதற்கு வாயைத் திறந்து, மகளின் தலையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

மொட்டைத்தலை முழுவதும் பொட்டுகள். உச்சியில் தொடங்கி இரண்டு பக்கமும் கிளை கிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளைக்கும் இரண்டு வரிசை. பழுப்பு. ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய மூடி. முளை இல்லை, ஏடு இல்லை, சுருள் இல்லை. எதுவும் அவள்மேல் முளைத்திருக்கவில்லை. அவளே இலையாக இருந்தாள்.

"வலிக்குதாடி கண்ணு?"

"இல்லப்பா. கூசுது."

"ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க," என்றாள் மனைவி. குரல் அவளுடையதாக இல்லை.

அங்கே முதலில் செய்வதே கழுவுவதுதான் என்று நினைத்தான். தண்ணீர் பட்டால் முளைக்கும். மச்சானுக்கு முளைத்தது போல. "வேண்டாம். விவரம் தெரிஞ்ச ஆள்கிட்ட மருந்து கேட்டுட்டு வர்றேன். அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி இவமேல படக்கூடாது. வியர்க்கக்கூடாது, அழக்கூடாது. ஃபேனைப் போடு. ஹேர் டிரையர் எடுத்துக் காய வை. சுக்கா காயணும். புரியுதா?"

அவள் தலையசைத்தாள். அவன் தள்ளியதில் பட்ட காயத்தின் ரத்தம் அவள் புருவத்தில் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்காமல் அவள் டிரையரைத் தேடிப் போனாள்.

நர்சரியின் கேட் திறந்தே கிடந்தது. நிழல்வலைக் கொட்டகைக்குள் நுழைந்ததும் பகல் கடல்பச்சையாக மாறியது. மேலே குழாய்களிலிருந்து நீர்த்தூவல் உஸ்ஸென்று இறங்கிக்கொண்டிருந்தது. ரோஜாத் தொட்டிகள் இருந்த இடத்தில் பெரணி. பாதையில் பெரணி. இலையின் நுனி வளைந்து எங்கே மண்ணைத் தொட்டதோ அங்கே வேர்விட்டு ஒரு புதுச்செடி, அதன் நுனி தொட்ட இடத்தில் இன்னொன்று. இப்படியே அடியெடுத்து வைத்து, அது கொட்டகையின் கடைசி வரை நடந்து போயிருந்தது. அவன் காலடியில் சுருள்கள் நொறுங்கின. நொறுங்கும்போது எலும்பு முறிவது போல ஒரு மெல்லிய சத்தம்.

கோடியில், மரப்பெஞ்சில், தூவலுக்கு நேர் கீழே நர்சரிக்காரர் உட்கார்ந்திருந்தார். மேலுடம்பில் துணி இல்லை. தோள்களிலிருந்து இலைகள் இறங்கி அவர் மடியை மூடியிருந்தன. முகத்தில் ஒரு கண் மட்டும் பாக்கி இருந்தது.

"வா தம்பி," என்றார். "முடி வெட்டத்தான் வந்தியா?"

அந்தக் கேலி சலூன்காரனின் உச்சந்தலையில் ஏறியது. "என் மச்சான் செத்துட்டான்! என் பொண்ணு தலையில வந்துடுச்சு. மருந்து சொல்லு. இதைக் கொல்றது எப்படி?"

"கொல்ல முடியாது. நனைச்சே வச்சிருக்கணும். அதான் நான் இங்க…"

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. தண்ணீர்தான் இதற்குக் கல்யாணம் என்று சொன்னதே இந்த மனுஷன்தான். இப்போது தண்ணீருக்கடியில் உட்கார்ந்து இதை வளர்க்கிறார். சலூன்காரன் தூணிலிருந்த வால்வைப் பிடித்து இறுக்கி மூடினான். உஸ்ஸென்ற சத்தம் நின்றது. கொட்டகை முழுக்கச் சொட்டுச் சொட்டாக வடிந்து ஓய்ந்தது.

"திற!" என்று அலறினார் நர்சரிக்காரர். "திறடா!"

அவர் எழுந்தார். முதுகு பெஞ்சை விட்டு வரவில்லை. இன்னும் உந்தினார். சாக்குப்பையைக் கிழிப்பது போல நீளமாகக் கிழிந்தது. வேர்கள் பலகையிலேயே நின்றன. தோலும் அவற்றோடு நின்றது. முதுகில்லாத மனிதர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவனை நோக்கி வந்தார். வால்வை நோக்கித்தான் வந்தார். அது அவனுக்குத் தெரியவில்லை. சாய்த்து வைத்திருந்த மண்வெட்டி கைக்கு அகப்பட்டது. வீசினான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறங்கி எலும்பில் சிக்கியது. காலை அவர் மார்பில் ஊன்றிப் பிடுங்கினான். மறுபடி வீசினான். இலைத்தண்டும் நரம்பும் ஒரே மாதிரி அறுந்தன. வெள்ளையும் சிவப்பும் ஒன்றாக வழிந்தது.

கீழே கிடந்தவரின் ஒற்றைக் கண் அவனையே பார்த்தது. உதடு அசைந்தது. குனிந்தான்.

"முளைக்கத்தான் தண்ணி. வெடிக்க… காயணும். பொட்டு காஞ்சா மூடி தெறிக்கும். தெறிச்சா ஊருக்கே போயிடும். உன் கடையில… அந்த ஃபேன் காத்துலதான்… முதல்ல…" வாயில் ரத்தம் கொப்பளித்தது. "பொண்ணைக் காய விடாதே."

கண் அப்படியே நின்றுவிட்டது.

சலூன்காரனின் கையிலிருந்து மண்வெட்டி விழுந்தது. அப்போதுதான் உணர்ந்தான்: வலைக்கு மேலே மழைச்சத்தம் இல்லை. நிழல்வலையின் ஓட்டைகள் ஒவ்வொன்றிலும் வெயில் ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. செத்தவரின் தோளில் ஒரு பொட்டு துடித்தது.

டிக்.

இன்னொன்று. டிக். டிக்.

ஓடினான். ஓடிக்கொண்டே போனை எடுத்தான். ரத்தம் பிசுபிசுத்த விரலுக்கு எண்கள் அகப்படவில்லை. சட்டையில் தேய்த்துவிட்டு மறுபடி அழுத்தினான். மணி அடித்தது. அடித்தது. எடுத்தாள்.

"அவளை நனை! தலையில தண்ணி ஊத்து! உடனே!"

"என்னங்க? சத்தமா பேசுங்க, டிரையர் ஓடுது." டிரையரின் இரைச்சலுக்கு மேல் அவள் கத்தினாள். குரலில் ஒரு நிம்மதி. "நீங்க சொன்ன மாதிரியே ஒரு சொட்டுக் கூட விடல. வெயில் வந்துடுச்சு பாத்தீங்களா? ஜன்னல் பக்கம் உக்கார வச்சிருக்கேன், நல்லா காயட்டும்னு… என்னங்க… ஏதோ டிக் டிக்குன்னு கேக்குது."

"நிறுத்து! நிறுத்துடி!"

அவள் தும்மினாள். மறுபடி தும்மினாள். பிறகு போனில் இரைச்சல் மட்டும்.

தெரு முழுவதும் வெயில் காய வெளியே வந்திருந்தது. கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. ஈரப் பாய்களும் போர்வைகளும் கைப்பிடிச் சுவர்களில் ஏறியிருந்தன. கிழவர்கள் நாற்காலி போட்டு, சட்டையைக் கழற்றி, முதுகை வெயிலுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அவன் வாடிக்கையாளர்கள். பிள்ளைகள் தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதித்து விளையாடினார்கள். ரத்தமாக ஓடிவரும் அவனைப் பார்த்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் நிற்கவில்லை. கேட்கவுமில்லை. மேலே பார்த்துக்கொண்டே ஓடினான்.

வீட்டு வாசலில் கால் நின்றுவிட்டது.

மாடி ஜன்னலில் மகள் நின்றாள். பின்னால் மனைவியின் கை மட்டும் சட்டத்தைப் பிடித்தபடி தொங்கியது. டிரையர் எங்கோ தரையில் கிடந்து இரைந்துகொண்டிருந்தது. மகளின் மொட்டைத்தலை வரிசை வரிசையாகத் திறந்துகொண்டிருந்தது, உச்சியிலிருந்து காது வரை, காதிலிருந்து கழுத்து வரை. ஒவ்வொரு மூடி தெறிக்கும்போதும் தோல் சிட்டிகை சிட்டிகையாகப் பிய்ந்து பறந்தது. ரத்தம் நெற்றியில் இறங்கிக் கண்ணை மூடி, மூக்கு நுனியில் சொட்டியது. அவளுக்கு வலிக்கவில்லை. கூச்சத்தில் தோளைக் குறுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கச் சிரிக்கத் தூள் எழுந்தது. வெயிலில் பொன்னாக மின்னி, கூரைகளுக்கு மேலே ஏறி, காயும் போர்வைகளுக்கு மேலே ஏறி, அகலமாக, அவசரமில்லாமல், பள்ளிக்கூடம் இருந்த திசைக்குத் திரும்பியது.

"அப்பா, இங்க பாரேன்!"

தெருவில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வாய் திறந்தபடியே பார்த்தார்கள்.